இருபத்தோரு வீட்டுப் பாவாடை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது பொய். நுனிவரை வர அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. கும்முடிப்பூண்டி பஜாரில் நான் தையல் கடை வைத்திருந்த நாட்களில் என் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் அளவு ஜாக்கெட்டை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஆனால் துணி எடுத்தால் என்னிடம்தான் வருவார்கள். கனகாம்பாள் தைத்த ஜாக்கெட் தோளில் இறங்காது என்று ஊருக்கே தெரியும்.

அப்படிப்பட்ட நான் எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காரியம் செய்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். இந்த உலகத்தில் பாதிக் கெடுதல் அப்படித்தான் நடக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லம்மா கடைக்கு வந்தாள். சுண்ணாம்புக்குளம் தாண்டி ஏரிக்கரையில் ஓடைக்குப்பம் அவள் ஊர். தினமும் காலை பஸ்ஸில் இறால் கூடையோடு வந்து மார்க்கெட்டில் கூறு வைப்பாள். ஒவ்வொரு கூறுக்கும் நானும் அவளும் போடுகிற சண்டையை வேடிக்கை பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். ஆனால் அன்றைக்கு அவள் முகத்தில் சண்டைக்கான தெம்பு இல்லை. வலது கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கி, மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"கெளுத்தி முள்ளுக்கா. வலையில கை வுட்டேன், போட்டுட்டுது. அத்த வுடு. எனக்கு ஒரு பாவாட தெச்சிக் குடு. கையிலதான் தெக்கணும். மிஷினு கூடாது."

"மிஷினு கூடாதுன்னா மிஷினு வெச்சிருக்கறவகிட்ட எதுக்கு வந்த?"

"இந்த பஜார்ல ஊசி புடிக்கத் தெரிஞ்சவங்க உன்ன வுட்டா யாருக்கா இருக்காங்க?"

புகழ்ந்தால் மயங்குகிற ஜாதி நான். உட்காரச் சொன்னேன். அவள் இடது கையாலும் பல்லாலும் ஒரு மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது எல்லாம் கந்தல். கைலித் துண்டு, வாயில் என்கிற மெல்லிய துணிப் புடவைத் துண்டு, வேட்டி ஓரம், காக்கி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய துண்டு. எனக்கு அப்போதே ஏறிவிட்டது. ரோட்டுக்கு மேற்கே கம்பெனிகள் வரப்போகின்றன என்று கல் நட்டுக்கொண்டிருந்த சமயம் அது. வந்தால் ஆயிரம் யூனிபாரம் தைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், இவள் என் மேஜைமேல் கந்தலைக் கொட்டுகிறாள்.

"இதுல பாவாடயா? தலகாணிக்குள்ள கூட அடைக்க மாட்டேன் இத்த."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாகச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

அவளுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று மூன்று மாதம், ஒன்று பதினெட்டு நாள், ஒன்று பிறந்த அன்றே. நாலாவதாகப் பெண் பிறந்ததும் மூன்றாம் நாள் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். வேறொரு பொம்பளை போய் அதை எடுத்தாள். எல்லம்மா ஒரு படி தவிட்டைக் கொடுத்து அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். குப்பம்மாள் என்று பேர் வைத்தார்கள். குப்பை என்றால் எமன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று நம்பிக்கை. கவரைப்பேட்டைப் பக்கம் எங்கள் நெல்லுக்காட்டு ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. எங்கள் தெருவிலேயே இரண்டு குப்பன், ஒரு பிச்சை.

அதற்கு மேலே அவள் சொன்னதுதான் எனக்குப் புதிது. ஓடைக்குப்பத்தில் இப்படித் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை ஐந்து வயசு வரைக்கும் இரவல் பிள்ளை. ஐந்தாம் வருஷம் ஆடி ஞாயிற்றுக்கிழமையில் இருபத்தோரு வீட்டுத் துணியில் பாவாடை தைத்துக் கட்டி, பெரியபாளையத்து அம்மன் வாசலில் நிறுத்த வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒவ்வொரு துண்டாகத் தொட்டு யார் வீடு என்று கேட்பார். தாய் சொல்ல வேண்டும். இருபத்தொன்றும் சரியாக வந்தால் அன்றிலிருந்து பிள்ளை அவளுடையது.

"எல்லாம் கட்டின துணியா இருக்கணும். கடையில வாங்கினது ஆவாது. கத்தரி போடக் கூடாது, கையாலதான் கிழிக்கணும். கேக்கறப்ப வாயத் தொறக்கக் கூடாதுக்கா. வாசல்ல மடிய விரிச்சிக்கினு நிக்கணும். போட்டா வாங்கிக்கணும், போடலன்னா மறுநாளு வந்து நிக்கணும்."

"ஒண்ணு கொறஞ்சா?"

"அடுத்த வருசம்தான்." அவள் கீழே பார்த்தாள். "போன மாசம் அதுக்குக் காய்ச்சலு வந்துச்சு. நாலு நாளு கண்ணத் தொறக்கல. இன்னொரு வருசம் பயந்துக்கினே இருக்க என்னால முடியாதுக்கா. வர்றதுதான் ஆடியில கடைசி ஞாயித்துக்கிழமை, அன்னிக்கு முடிஞ்சாவணும்."

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐந்து நாள். தைக்கிறேன் என்றேன். மிஷின்மேல் உறை போட்டு மூடினேன். ஆடியில் எனக்கும் வேலை அவ்வளவாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நாள் முழுக்க அவள் தைக்க விடவே இல்லை. துண்டுகளை என் கடைத் தரையில் வட்டமாகப் பரப்பினாள். எடுப்பாள், மாற்றுவாள், தள்ளி நின்று பார்ப்பாள், மறுபடி மாற்றுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நானே அடுக்கினேன். அழகான துண்டெல்லாம் முன்பக்கம், சாயம் போனதெல்லாம் பின்பக்கம். எனக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது. வந்து பார்த்தவள் சிரித்தாள்.

"நல்ல துணியெல்லாம் ஒரே பக்கம் வெச்சா, மத்ததுங்க பிச்ச எடுக்க வந்த மாதிரி தெரியுங்கா."

அவள் மாற்றி வைத்தாள். பொதட்டூர்ப்பேட்டைத் தறிக் கைலியின் சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் ரயில்வே காக்கியை வைத்தாள். காக்கி அதற்கு முன்னால் எனக்குக் காக்கியாகத்தான் தெரிந்தது. இப்போது உழுத நிலத்து மண்போல இருந்தது. வெளுத்துப்போன நீல வாயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவரின் வேட்டி ஓரத்துப் பச்சை, இந்தப் பக்கம் மஞ்சள். நீலம் எழுந்து உட்கார்ந்தது. எந்தத் துண்டும் பக்கத்துத் துண்டை அமுக்கவில்லை. பதினோரு வருஷமாகத் துணியோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத இறால்காரிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அப்படியே சொல்லிவிட்டேன்.

"போக்கா," என்றாள். ஆனால் அவளுக்குச் சந்தோஷம்.

துண்டுகளைக் கிழித்தது அடுத்த வேலை. என் கத்தரிக்கோல் இரண்டு ஊரில் பேர் வாங்கின கத்தரிக்கோல். அதை அவள் ஓரமாக நகர்த்திவிட்டாள். ஓரத்தில் பல்லால் ஒரு கடி, அப்புறம் ஒரே இழுப்பு. துணி அதன் இழையோடு கிழிந்தது. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடக் கோணல் இல்லை.

தையலும் அவள் சொன்னபடிதான். படகுப் பாய் கிழிந்தால் அவர்கள் வீட்டு ஆண்கள் போடுகிற தையலாம். இரண்டு துண்டின் ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, மேலே ஒரு வரிசை, திருப்பி உள்ளே ஒரு வரிசை. காற்று அடித்துக் கிழிக்கிற பாய்க்கே நிற்கிற தையல், ஐந்து வயசு வாலுப் பெண்ணுக்கு நிற்காதா? முதல் இரண்டு துண்டைச் சேர்த்ததும் திருப்பிப் பார்த்தேன். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. பிசிறு இல்லை, முடிச்சுத் தெரியவில்லை. குறை கண்டுபிடித்தே தீருவது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மார்க்கெட் முடிந்ததும் வருவாள், சாயங்கால பஸ் வரைக்கும் இருப்பாள். நான் தைக்கத் தைக்கத் துண்டுக்கு ஒரு கதை சொல்வாள். "இது தணிகாசலம் ஊடு. அவன் பொண்டாட்டி பொதட்டூர்ப்பேட்டக்காரி, தறிக்காரங்க வம்சம், தறியில ஓடுற நாடாக் கணக்காப் பேசிக்கினே இருப்பா." "இது ரோசம்மா ஊடு. வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. எங்க அம்மனுக்குக் குடுப்பாங்களான்னு நெனச்சேன். மொத நாளே குடுத்துட்டாங்க." முதல் துண்டு அவளுடையதே. அவள் கல்யாணத்துக்குக் கட்டின மஞ்சள் புடவையின் மிச்சம்.

புதன்கிழமை அந்தக் குப்பம்மாளையும் கூட்டிவந்தாள். தலை நிறைய எண்ணெய், முன்பல் ஒன்று இல்லை. வந்த கால் மணியில் என் பட்டன் டப்பாவைக் கவிழ்த்தது. ஒரு அதட்டுப் போட்டேன். பயப்படுவதற்குப் பதில், "இந்தம்மா ஏன் கத்திக்கினே கீது?" என்று தாயிடம் கேட்டது. நான் சிரித்துவிட்டேன். இந்தப் பெண் போன மாதம் நாலு நாள் கண் திறக்காமல் கிடந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் என் தையல் இன்னும் சின்னதாயிற்று.

வியாழக்கிழமை அவள் போகும்போது நாலு துண்டு பாக்கி. "நீயே போட்டுடு அக்கா. வரிசையா வெச்சிருக்கேன்," என்றாள். கடைசித் துண்டைக் காட்டி, "இது கடைசியில," என்றாள். அது யார் வீடு என்று கேட்டேன். "அது ஒரு ஊடு," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை மற்ற மூன்றையும் தைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தேன். கறுப்புத் துணி. சாயத்தில் கறுப்பில்லை, அழுக்கில் கறுப்பு. அடுப்பங்கரையில் பாத்திரம் பிடிக்கிற கரித்துணி மாதிரி மொடமொடவென்று இருந்தது. அம்மனுக்குக் கட்டுகிற பாவாடையில் கறுப்பா? அதுவும் ஐந்து வயசுப் பிள்ளைக்கு, ஆயுசுக்கான நேர்த்திக்கு? யாரோ வயிற்றெரிச்சல் பிடித்தவள் வேண்டுமென்றே போட்டிருக்கிறாள், இவளும் வாய் திறக்க முடியாமல் வாங்கி வந்திருக்கிறாள், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டுவதில் நான் கெட்டிக்காரி.

கடைக்குப் பின்கட்டில்தான் எங்கள் வீடு. அங்கே வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் போட்டேன்.

பிறகு பெட்டியைத் திறந்து என் கல்யாணக் கூறைப்புடவையை எடுத்தேன். உள்பக்கத்தில் அரக்குச் சிவப்பில் ஒரு சாண் கிழித்தேன். கட்டின துணிதானே? கையால்தானே கிழித்தேன்? எல்லா விதியையும் காப்பாற்றி, கறுப்புக்குப் பதில் மங்களமாகச் சிவப்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் அருணகிரி பார்த்துக்கொண்டிருந்தார். கூறைப்புடவையைக் கிழிக்கிறாயே என்றார். நல்ல காரியத்துக்குக் கிழிப்பது தப்பில்லை என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்ட அளவுக்கு வேறு யாரும் என்னை மெச்சியதில்லை.

மத்தியானம் எல்லம்மா வந்தாள். பாவாடையை விரித்துக் காட்டினேன். விரலால் தொட்டுத் தொட்டு வந்தாள். உதடு பேர் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசித் துண்டில் நின்றது.

"இது யாரு ஊடு?"

"என் ஊடு. அந்தக் கரித்துணியத் தூக்கி அடுப்புல போட்டுட்டேன். அம்மனுக்குக் கறுப்பு ஆவுமா?" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம். அவள் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைக்காமல் அழுதாள்.

"அது கங்கம்மா ஊடுக்கா. குப்பையிலேர்ந்து எம் பொண்ண எடுத்தவ அவதான். அவ துணி இல்லன்னா மத்த இருவதும் இருந்து புண்ணியமில்ல."

கங்கம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. புருஷனும் இல்லை. எடுத்துக் கொடுத்த உரிமையில் பிள்ளையைத் தினமும் வந்து பார்ப்பாள், தூக்கிக்கொண்டு திரிவாள். பிள்ளைக்கு ஒரு வயசானபோது எல்லம்மா எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். தவிட்டை வாங்கிக்கொண்டு விற்றவளுக்கு இனி என்ன பாத்தியதை என்று. அன்றைக்கு நின்றுபோன பேச்சு. நாலு வருஷம்.

"பதிமூணு நாளு அவ வாசல்ல மடிய விரிச்சிக்கினு நின்னேங்கா. பாக்கவே மாட்டா. பதினாலாவது நாளு உள்ள போயி அந்தக் கரித்துணிய எடுத்தாந்து போட்டா. கரித்துணிதான் குடுத்தா. ஆனாலும் குடுத்தாளே! உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான் சொல்லியிருக்கணும்."

அவள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது. துண்டு அவளுடையதா என்னுடையதா? கேட்காமல் எரித்தவள் நான். பதிமூன்று நாள் வெயிலில் நின்று வாங்கியதை அரை நிமிஷத்தில் சாம்பலாக்கிவிட்டு, கூறைப்புடவை கிழித்த பெருமையை வேறு பேசினேன். கடையைப் பூட்டினேன்.

"எழுந்திரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நீ எதுக்குக்கா?"

"அடுப்புல போட்டது நானா நீயா?"

சுண்ணாம்புக்குளத்தில் இறங்கி, உப்புக் காற்றில் முக்கால் மணி நேரம் நடந்தோம். வழியில் எல்லம்மா, எரித்ததைச் சொல்ல வேண்டாம், காணாமல் போய்விட்டது என்று சொல்லலாம் என்றாள். முடியாது என்றேன். எனக்குப் பொய் வராது என்பதில்லை, நன்றாகவே வரும். அன்றைக்கு வரவில்லை.

கங்கம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்திருந்தாள். ஐம்பது வயசிருக்கும். கறுத்து, உயரமாக, தலையில் கூடையோடு வாசலில் நின்றாள். எல்லம்மா வேலி ஓரத்தில் தங்கிவிட்டாள். நான் போய் எதிரே நின்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் புருஷனிடம்கூட நான் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"யம்மா, நான் கும்முடிப்பூண்டி டெய்லரு. நீ குடுத்த துணிய நாந்தான் அடுப்புல போட்டேன். இவளுக்குத் தெரியாது. கரித்துணின்னு நெனச்சிட்டேன். தப்பு என்னுது."

அவள் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"எரிச்சிட்டியா?"

"ஆமா."

"பூராவுமா?"

"பூராவும்."

என்னிடம் சொல்வதுபோல வேலியைப் பார்த்துச் சொன்னாள்.

"அது கரித்துணி இல்ல. அன்னிக்குக் குப்பமேட்டுல கொயந்தையக் கிடத்தினாங்களே, கீழ விரிச்ச துணி. அடை மழ. அந்தத் துணியோடதான் தூக்கினேன். சாம்பலும் சேறும் ஒட்டிக்கினு இருந்துச்சு. தவுடு குடுத்துப் புள்ளைய வாங்கிக்கினு போனாங்க. துணிய யாரும் கேக்கல. தோய்க்காம வெச்சிருந்தேன். தோய்ச்சா வாசன பூடும்னு."

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்று இருந்தது. பிள்ளையின் ஞாபகமாக அவளிடம் இருந்த ஒரே ஒரு பொருள் அது. அதைத்தான் அவள் விரோதியின் மடியில் போட்டிருக்கிறாள். அதைத்தான் நான் வெந்நீர் போட எரித்தேன்.

வேலியோரம் சத்தம் கேட்டது. எல்லம்மா வந்தாள். மடியை விரிக்கவில்லை. வீங்கின கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கேட்கும்போது வாய் திறக்கக் கூடாது என்ற விதியை மீறிப் பேசினாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புக்கா. எனக்குப் பயம். உன்னப் பாத்தாதான் அது சிரிக்கும். நான் தூக்கினா அழுவும். மூணு போச்சு, இதுவும் உன்கிட்ட பூடுமோன்னு பயந்தேன். பயத்துல நாக்கு தேளாட்டம் கொட்டிட்டுது."

நான் வாயை அடக்கிக்கொண்டு நின்றேன். நான் அப்படி நின்றதைப் பார்த்திருந்தால் என் வீட்டுக்காரர் கற்பூரம் ஏற்றியிருப்பார்.

கங்கம்மா கையைத் தூக்கித் தலையில் இருந்த சும்மாட்டை எடுத்தாள். கூடை அழுத்தாமல் இருக்கத் துணியைச் சுற்றி வைப்பார்களே, அது. வளையத்தைப் பிரித்தாள். பழைய புடவைத் துண்டு, ஒரு காலத்தில் ஊதாவாக இருந்திருக்கும். ஓரத்தைக் கடித்து ஒரு சாண் கிழித்து எல்லம்மாவின் கையில் வைத்தாள். மீதியை மறுபடி சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தயும் அடுப்புல போட்டுடாத. நாத்தம் ஊரக் கூட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி எல்லம்மா கூப்பிட்டாள். "வேல கீது," என்று சொல்லிவிட்டுக் கங்கம்மா உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை என் கூறைப்புடவைத் துண்டைப் பிரித்து எடுத்தேன். எவ்வளவு உறுதியாகத் தைத்திருந்தேன் என்று பிரிக்கும்போது தெரிந்தது. அந்த ஊதாவைத் துவைக்காமல், மீன் வாடையோடு வைத்துத் தைத்தேன். பக்கத்தில் மஞ்சள், எல்லம்மாவின் கல்யாணப் புடவை. இருபத்தொன்றும் சுற்றி வந்து முதல் துண்டில் முடிய வேண்டும் அல்லவா? ஊதாவும் மஞ்சளும் சேர்ந்ததும் பாவாடை முழுசாகிவிட்டது. நான் அதை வாசல் கம்பியில் மாட்டிவிட்டு எதிர்ச் சாரியில் போய் நின்று பார்த்தேன். காற்றில் அது புரண்டது. காக்கி, சிவப்பு, நீலம், எண்ணெய்த் துண்டின் பழுப்பு, வேட்டி வெள்ளை. ஒரு குப்பமே அதில் இருந்தது. பக்கத்து ரெடிமேட் கடைக்காரர் வந்து பார்த்து, "இன்னா விலைக்குப் போடறே?" என்று கேட்டார். போய் வேலையைப் பாரும் என்றேன். ஆயிரம் யூனிபாரம் தைத்தாலும் இப்படி ஒன்று என் கையிலிருந்து வராது. வந்தது என் கையிலிருந்துதான் என்றாலும் கண் அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் ஆடிக் கூட்டம். வேப்பிலை கட்டிக்கொண்டு வலம் வருகிறவர்கள், ஆற்றங்கரை முழுக்கப் பொங்கல் புகை, ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளைகளின் பேர். ஓடைக்குப்பத்து ஜனம் மொத்தமாக ஒரு வேப்பமரத்தடியில் கூடியிருந்தது. நானும் போயிருந்தேன். கங்கம்மா கண்ணில் படவில்லை. எல்லம்மா பஸ் நிற்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பம்மாளைக் குளிப்பாட்டிப் பாவாடை கட்டி நடுவில் நிறுத்தினார்கள். ஊர்ப் பெரியவர் செங்கல்வராயன் அதற்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் துண்டைத் தொட்டார்.

"இது யாரு ஊடு?"

"பெத்தவ ஊடு," என்றாள் எல்லம்மா.

"இது?"

"தணிகாசலம் ஊடு."

பிள்ளை மெதுவாகத் திரும்பத் திரும்ப, துண்டும் பேருமாக வந்தது. பேர் சொல்லப்பட்ட வீட்டார் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். ரோசம்மாவும் வந்திருந்தாள். பதினெட்டு, பத்தொன்பது. அப்போதுதான் பார்த்தேன், கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு கங்கம்மா நின்றாள். எப்போது வந்தாளோ. எல்லம்மாவும் பார்த்துவிட்டாள்.

பெரியவர் கடைசியாக ஊதாத் துண்டைத் தொட்டார். மூக்கைச் சுளித்தார்.

"இது யாரு ஊடு?"

"இது அவ அம்மா ஊடு," என்றாள் எல்லம்மா.

"இன்னாம்மே உளர்ற? உன் ஊட்டத்தான் மொதல்லயே சொல்லிட்டியே. சரியாச் சொல்லு. இல்லன்னா கணக்கு நிக்காது."

"சரியாத்தான் சொல்றேன் பெரீப்பா. அது பெத்தவ ஊடு. இது அம்மா ஊடு. எம் பொண்ணுக்கு அம்மா ரெண்டு பேரு. இருக்கட்டுமே, அம்மா நான் ஒருத்திதான்னு வெச்சிக்கினு நாலு வருசம் பயந்து செத்தேன்."

பெரியவர் திரும்பிக் கங்கம்மாவைப் பார்த்தார். தலையை ஆட்ட வேண்டியவள் அவள். அவள் ஆட்டவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டாள். நாலு வருஷமாகத் தொடாத பிள்ளை. கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"இப்டியா கட்டுவாங்க நாடாவ?" என்று கங்கம்மா எல்லம்மாவை அதட்டினாள். "ரெண்டு ஓட்டம் ஓடினா அவுந்துக்கும்."

அவிழ்த்து, இழுத்து, இறுக்கி முடிந்தாள். "கணக்கு நின்னுச்சு," என்று பெரியவர் எழுந்தார். குப்பம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லம்மா பக்கத்தில் இருந்தும் பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கக் கையை நீட்டவில்லை.